விற்பனை உணவில் நுண்ணுயிர் எண்ணிக்கை பார்ப்பது: மாதிரி எடுப்பதிலிருந்து அறிக்கை வரை

சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வருபவர்கள் தட்டில் காலனி (நுண்ணுயிர் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) எண்ணுவதைத்தான் கவனமாகக் கற்றுக்கொள்கிறார்கள். பிழை நுழைவது பெரும்பாலும் அதற்கு முன்னால்: கடையில் மாதிரியைக் கையில் எடுக்கும்போது, பெட்டியில் வைத்துக் கொண்டுவரும்போது, மாதிரியை நீர்க்க வைத்திருக்கும் 9 மி.லி. குழாயில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் விடும்போது. அங்கே கெட்டதைத் தட்டில் சரிசெய்ய முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் முன்வேலைக்கே இடம் அதிகம்.

இங்கே சொல்வது மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, கோலிஃபார்ம் (சுகாதாரக் குறைவைக் காட்டப் பார்க்கும் ஒரு பாக்டீரியாக் குடும்பம்), ஈ.கோலை (அந்தக் குடும்பத்தில் குடலில் வாழும் ஓர் இனம்) ஆகிய மூன்றுக்கும். சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற நோய்க்கிருமிகளை வளர்த்துப் பார்க்கத் தனி அறையும் தனிப் பயிற்சியும் வேண்டும். அவை இந்த வேலையோடு உரசும் இடங்களை மட்டும் தொட்டுச் செல்கிறோம்.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

எந்த உணவு, எந்தச் சோதனை, எந்த வரம்போடு ஒப்பிடப் போகிறோம் என்ற மூன்றையும் மாதிரி எடுக்கும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள். எத்தனை மாதிரி, எத்தனை கிராம், எந்த நீர்த்தல் வரை (மாதிரியை எத்தனை மடங்கு நீர்ப்பது) என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

மொத்த எண்ணிக்கை எல்லா உணவுக்கும் பொருந்தாது. தயிரிலும் பாலாடைக்கட்டியிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கிராமுக்குக் கோடிக்கணக்கில் இருப்பது இயல்பு. அங்கே பெரிய எண் வந்தால் அது சுகாதாரக் குறைவைக் காட்டவில்லை, உணவின் தன்மையைக் காட்டுகிறது. அதேபோல் பச்சைக் கீரை, வெட்டிய காய்களில் கோலிஃபார்ம் தேடுவது வீண்வேலை. அந்தக் குடும்பத்தில் பல இனங்கள் மண்ணிலும் செடியிலும் இயல்பாகவே வாழ்பவை. மலக்கலப்பு உண்டா என்பதுதான் கேள்வி என்றால் ஈ.கோலையைப் பாருங்கள்.

சமைத்த, பாஸ்டரைஸ் செய்த உணவில் நிலைமை வேறு. வெப்பம் கோலிஃபார்மைக் கொன்றிருக்க வேண்டும். அங்கே அது தெரிந்தால் சூடு போதவில்லை, அல்லது சூட்டுக்குப் பின் கை, பாத்திரம், தண்ணீர் எதன் வழியாகவோ கலந்திருக்கிறது.

2. முந்தின நாளே தயாராக வேண்டியவை

நீர்த்தல் கரைசல்: லிட்டருக்கு 1 கிராம் பெப்டோன், 8.5 கிராம் சோடியம் குளோரைடு, பி.எச். 7.0. வெறும் காய்ச்சி வடித்த நீரை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். உப்புச் செறிவு இல்லாத நீரில் செல்கள் நிமிடக்கணக்கில் சேதமடையத் தொடங்கும், எண்ணிக்கை தானாகக் குறையும்.

225 மி.லி. குடுவைகள், 9 மி.லி. குழாய்கள் இரண்டையும் 121 °செ வெப்பத்தில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யுங்கள். அதன் பிறகு அளவைச் சரிபாருங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. ஆட்டோகிளேவில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். 9 மி.லி. இருக்க வேண்டிய குழாயில் 8.6 தான் மிஞ்சியிருந்தால் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றுக்குப் பதில் 9.6-இல் ஒன்றாகத்தான் நீர்க்கிறது. நான்கு படி போனால் விடை ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 2 சதவீதத்துக்கு மேல் விலகும் குழாயை ஒதுக்கிவிடுங்கள். இன்னும் நல்லது, மொத்தமாகக் கிருமிநீக்கம் செய்துவிட்டு, பிறகு கிருமியற்ற முறையில் 9 மி.லி. வீதம் குழாய்களில் நிரப்புவது.

பிளேட் கவுண்ட் அகார் (மொத்த எண்ணிக்கைக்கான வளர்ப்பு ஊடகம், ஆறினால் உறையும்): லிட்டருக்கு டிரிப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 2.5 கிராம், குளுக்கோஸ் 1 கிராம், அகார் ஏறக்குறைய 15 கிராம். ஆறிய அகாரை ஒருமுறை மட்டுமே உருக்கலாம். இரண்டாம் முறை உருக்கினால் ஊட்டம் சிதையும்.

கோலிஃபார்முக்கு வி.ஆர்.பி.எல். (வயலட் ரெட் பைல் லாக்டோஸ்) அகார். இதை ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது. அதிக வெப்பத்தில் இதன் பித்த உப்பும் சாயமும் கெட்டு, தேர்ந்தெடுக்கும் திறன் மாறிவிடும். கொதிக்க விட்டு இறக்கி, 44–47 °செ-க்கு ஆற்றி, அன்றே சில மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஈ.கோலைக்கு டி.பி.எக்ஸ். (டிரிப்டோன் பைல் எக்ஸ்-குளுகுரோனைடு) அகார். இதை ஆட்டோகிளேவ் செய்யலாம்.

மாதிரி எடுக்க: கிருமியற்ற பைகள், கரண்டி, இடுக்கி, 70 சதவீத ஆல்கஹால், கூர்முனை வெப்பமானி, ஜெல் பனிக்கட்டிகள், குளிர்ப்பெட்டி, அழியாத மை பேனா. பை ஈரமான பிறகு ஒட்டுத்தாள் ஒட்டாது. எழுதுவதை முதலிலேயே எழுதி வையுங்கள்.

3. கடையில் மாதிரி எடுத்தல்

வாடிக்கையாளர் வாங்குவதுபோலவே வாங்குங்கள். சோதனைக்கு என்று சொன்னதும் உள்ளேயிருந்து புதிதாக ஒன்று வந்தால், அந்த மாதிரி மக்கள் சாப்பிடும் உணவைக் காட்டாது.

பொட்டலம் கட்டியதைத் திறக்காமல் முழுதாக எடுங்கள். திறந்து வைத்து விற்கும் உணவில், விற்பவர் பயன்படுத்தும் அதே கரண்டியால் பையில் போடச் சொல்லுங்கள். இதில் புதியவர்கள் பெரும்பாலும் தங்களிடமுள்ள கிருமியற்ற கரண்டியை நீட்டுவார்கள். உணவு மட்டும் எப்படி இருக்கிறது என்பது கேள்வியானால் அது சரி. வாங்குபவர் கைக்கு வருவது எப்படி இருக்கிறது என்பது கேள்வியானால் கடைக் கரண்டியும் சோதனையின் ஒரு பகுதி. எதைச் செய்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரிக்குக் குறைந்தது 100 கிராம், முடிந்தால் 200. ஐந்து மாதிரி வேண்டுமென்றால் ஐந்தும் தனித்தனிப் பைகளில் இருக்க வேண்டும். ஒரே பாத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து ஐந்து கரண்டி அள்ளுவது ஐந்து மாதிரி ஆகாது. மேலே, நடுவே, ஓரத்தில் வெப்பம் வேறு, ஈரம் வேறு, நுண்ணுயிர்களும் வேறு.

வெப்பநிலையை அங்கேயே அளந்து எழுதுங்கள். சோதனைக்குப் போகும் பைக்குள் வெப்பமானியைக் குத்தாமல், கூடுதலாக எடுத்த பகுதியில் அளக்க வேண்டும். இந்த ஒரு எண் பின்னால் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும். சூடாக விற்பது 60 °செ-க்கு மேலும் குளிராக விற்பது 5 °செ-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 38 °செ-இல் இருந்த சமைத்த உணவில் பெரிய எண்ணிக்கை வந்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

4. கொண்டுவருதல்

குளிர்ந்த, கெடக்கூடிய மாதிரிகள் வழியில் 1–8 °செ-க்குள் இருக்க வேண்டும். உறைந்தவை உறைந்தபடியே வர வேண்டும். உறையாத உணவை ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று உறைய வைக்காதீர்கள். பனிப்படிகங்கள் மெல்லிய செல்சுவர் கொண்ட கிராம்-நெகடிவ் பாக்டீரியாக்களில் ஒரு பகுதியைக் கொன்றுவிடும், மீதியைக் காயப்படுத்தும். நீங்கள் தேடும் ஈ.கோலையும் அதில் சேரும். ஜெல் பனிக்கட்டி மாதிரிப் பையை நேரடியாகத் தொடாமல் இடையில் அட்டை வையுங்கள். உருகும் சாதாரணப் பனிக்கட்டி வேண்டாம், அந்த நீர் பைக்குள் கசியும்.

சூடான மாதிரியைக் குளிர்ந்தவற்றோடு ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டும் கெடும். தனிப்பெட்டி எடுத்துச் செல்லுங்கள்.

வந்து சேர்ந்த நேரம், பெட்டியின் உள் வெப்பநிலை இரண்டையும் குறித்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்குங்கள். உறைந்த மாதிரியைக் குளிர்பதனப் பெட்டியில் 2–5 °செ-இல் வைத்து 18 மணி நேரத்துக்குள் உருக விடலாம். மேசைமேல் இரவு முழுவதும் விட்டால் வெளிப்பகுதியில் பெருக்கம் தொடங்கிவிடும்.

5. 25 கிராமும் 225 மி.லி.-யும்

பொட்டலத்தின் வெளிப்புறத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, உலர விட்டு, கிருமியற்ற கத்தரியால் வெட்டுங்கள். உலர விடுவது முக்கியம்: ஈரம் காயுமுன் வெட்டினால் ஆல்கஹாலும் அதில் கரைந்த அழுக்கும் உள்ளே சொட்டும்.

கலந்து, பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து 25 கிராம் எடை போடுங்கள். முதலில் உணவு, அதன்மேல் 225 மி.லி. கரைசல். கரைசலின் வெப்பநிலை அறை வெப்பநிலையாக இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே ஊற்றுவது செல்களுக்கு அதிர்ச்சி. ஸ்டொமாக்கரில் (பையை அடித்துக் கலக்கும் கருவி) ஒன்று அல்லது இரண்டு நிமிடம். எலும்பு, ஓடு போன்ற கூரானவை பையைக் கிழிக்கும். இரட்டைப் பை போடுங்கள். மிக்சி வகைக் கருவியானால் நீண்ட நேரம் ஓடவிட வேண்டாம், சூடேறும்.

இதுதான் 10⁻¹ நீர்த்தல், அதாவது பத்தில் ஒன்று. சால்மொனெல்லாவும் பார்க்க வேண்டும் என்றால் தனியாக இன்னொரு 25 கிராம் எடுங்கள். அந்தச் சோதனையின் கேள்வியே ‘25 கிராமில் ஒரு செல்லாவது உண்டா’ என்பது. இந்தப் பையிலிருந்து சில மி.லி. உறிஞ்சிவிட்டு மீதியை அதற்குக் கொடுத்தால் 25 கிராம் முழுமையாகப் போகவில்லை.

6. தொந்தரவு தரும் உணவுகள்

கிராம்பு, இலவங்கப்பட்டை: இவற்றின் எண்ணெய்கள் நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்கும். 10⁻¹ தட்டில் ஒன்றுமே இல்லை, 10⁻³ தட்டில் 40 காலனி என்ற விசித்திரம் வந்தால் இதுதான் காரணம். பத்தில் ஒன்றுக்குப் பதில் நூற்றில் ஒன்றாக முதல் நீர்த்தலைச் செய்யுங்கள். வெங்காயம், பூண்டுக்குக் கரைசலில் 0.5 சதவீதம் பொட்டாசியம் சல்ஃபைட் சேர்ப்பது வழக்கம்.

புளிப்பு உணவுகள்: முதல் கரைசலின் பி.எச். அளந்து நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக, குலுக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும்.

கொழுப்பு 20 சதவீதத்துக்கு மேல் உள்ளவை: கரைசலில் டுவீன் 80 (கொழுப்பை நீரோடு கலக்கச் செய்யும் பொருள்) சேர்த்தால் கொழுப்பு பிரிந்து மிதக்காது. உலர்ந்த பொடிகளுக்குக் கரைசலை மெதுவாகச் சேர்த்துச் சற்று ஊறவிடுங்கள். திடீரென ஈரம் பட்டால் காய்ந்த செல்கள் வெடித்துவிடும்.

7. தொடர் நீர்த்தல்

10⁻¹-இலிருந்து 1 மி.லி. எடுத்து 9 மி.லி. குழாயில் விட்டால் 10⁻². அப்படியே தொடருங்கள். ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட் முனை. பழைய முனையின் சுவரில் ஒட்டியிருப்பது பத்து மடங்கு அடர்த்தியான திரவம்.

முனையைத் திரவத்தில் 1 செ.மீ.-க்கு மேல் முக்காதீர்கள், வெளிப்புறத்தில் ஒட்டியதும் சேர்ந்து போகும். ஒவ்வொரு குழாயையும் வோர்டெக்ஸ் குலுக்கியில் 5–10 நொடி கலக்கியவுடன் எடுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் நின்ற குழாயை மறுபடி கலக்காமல் எடுக்கக் கூடாது.

எதுவரை போவது? அப்போதுதான் சமைத்த உணவுக்கு 10⁻³ பெரும்பாலும் போதும். பச்சை இறைச்சி, வெட்டிய காய்களுக்கு 10⁻³-இலிருந்து 10⁻⁶ வரை தேவைப்படும். உணவு புதிதென்றால் ஒரு படி கூடுதலாகப் போடுங்கள். ஒரு தட்டு வீணாவது சோதனையே வீணாவதைவிட மேல்.

முதல் கரைசல் தயாரானதிலிருந்து கடைசித் தட்டில் அகார் விழும்வரை 45 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெப்டோன் கரைசலிலேயே சில செல்கள் இரண்டாகப் பிரியத் தொடங்கும். ஒரே நேரத்தில் பத்து மாதிரிக்கு நீர்த்தல் செய்து வரிசையாக அடுக்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். நான்கு நான்காக முடியுங்கள்.

8. அகார் ஊற்றுதல்

ஒவ்வொரு நீர்த்தலிலிருந்தும் இரண்டு தட்டு, தட்டுக்கு 1 மி.லி. அதன்மேல் 44–47 °செ அகார் 12–15 மி.லி. இந்த வெப்பநிலையைத் தண்ணீர்த் தொட்டியின் காட்டியில் பார்த்து நம்ப வேண்டாம். அதே அளவு அகார் நிரப்பிய ஒரு போலிக் குடுவைக்குள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். தொட்டி நீர் 46 காட்டும்போது குடுவையின் நடுவில் 55 இருக்கலாம். அந்தச் சூட்டில் குளிர்விரும்பி பாக்டீரியாக்கள் இறக்கும். அந்த இழப்பு தட்டில் எந்த அடையாளமும் விடாது.

ஊற்றியதும் முன்பின்னாக ஐந்து, இடவலமாக ஐந்து, கடிகாரச் சுற்றில் ஐந்து, எதிர்ச்சுற்றில் ஐந்து என்று தட்டை மெதுவாக அசைத்துவிடுங்கள். மூடியில் தெறிக்கக் கூடாது. சமமான மேசையில் உறைய விட்டுக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்காவிட்டால் மூடியில் சேரும் ஈரம் சொட்டிக் காலனிகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும்.

மூன்று கட்டுப்பாட்டுத் தட்டுகள் (உணவு சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டுகள்) அவசியம்: வெறும் அகார், அகாரும் கரைசலும், வேலை முடியும்வரை திறந்து வைத்த காற்றுத் தட்டு. நேரமில்லை என்று முதலில் விடப்படுவது இவைதான். எண்ணிக்கையில் சந்தேகம் வரும் நாளில் எல்லோரும் தேடுவதும் இவற்றைத்தான்.

கோலிஃபார்ம் தட்டில் வி.ஆர்.பி.எல். உறைந்த பிறகு மேலே இன்னொரு 4–5 மி.லி. அதே அகாரை ஊற்றுங்கள். இந்த மேலடுக்கு காலனி பரவுவதைத் தடுக்கும், சரியான நிறமும் தெளிவான உருவமும் வரச் செய்யும்.

9. இன்குபேட்டர்

மொத்த எண்ணிக்கைக்கு ஐ.எஸ்.ஓ. 4833-1 என்ற சர்வதேசத் தர முறையில் 30 °செ, 72 மணி நேரம். 35 °செ, 48 மணி நேரம் என்ற முறையும் பரவலாக உண்டு. இரண்டும் ஒரே விடை தராது. ஒப்பிடப் போகும் வரம்பு எந்த முறைக்கு எழுதப்பட்டதோ அதையே பின்பற்றி, அறிக்கையிலும் எழுதுங்கள்.

கோலிஃபார்முக்கு 30 அல்லது 37 °செ, 24 மணி நேரம். டி.பி.எக்ஸ். தட்டுக்கு 44 °செ, 18–24 மணி நேரம். உறைந்த, உலர்ந்த உணவென்றால் டி.பி.எக்ஸ். தட்டை முதலில் 37 °செ-இல் 4 மணி நேரம் வைத்துப் பிறகு 44-க்கு மாற்றுங்கள். காயமடைந்த ஈ.கோலை மீண்டு எழ அந்த அவகாசம் வேண்டும்.

ஆறு தட்டுக்கு மேல் அடுக்காதீர்கள், நடுத்தட்டுகளுக்கு வெப்பம் தாமதமாகவே போய்ச் சேரும்.

10. எண்ணுவதும் கணக்கும்

ஐ.எஸ்.ஓ. முறையில் 300 காலனிக்கு மேல் உள்ள தட்டை எண்ண வேண்டாம், குறைந்தது ஒரு தட்டிலாவது 10 இருக்க வேண்டும். ஒன்றோடொன்று கலந்து பரவிய காலனிகள் தட்டின் கால் பகுதிக்குள் இருந்தால் மீதிப் பகுதியை எண்ணி முழுத் தட்டுக்குக் கணக்கிடலாம். அதைத் தாண்டினால் தட்டையே விட்டுவிடுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு நீர்த்தல்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 10⁻³ தட்டுகளில் 182, 196. 10⁻⁴ தட்டுகளில் 17, 21. கூட்டினால் 416. வகுக்க வேண்டியது: முதல் நீர்த்தலில் 2 தட்டு, அடுத்ததில் 2 தட்டின் பத்தில் ஒரு பங்கு 0.2, ஆக 2.2. அதை 10⁻³-ஆல் பெருக்கினால் 0.0022. 416 ÷ 0.0022 = 1,89,090. அறிக்கையில் கிராமுக்கு 1.9 × 10⁵ சி.எஃப்.யு. (காலனி உருவாக்கும் அலகு). இரண்டு இலக்கத்துக்கு மேல் எழுதுவது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவது.

10⁻¹ தட்டுகளில் ஒன்றுமே இல்லையென்றால் ‘பூஜ்யம்’ என்று எழுதாதீர்கள். ‘கிராமுக்கு 10-க்குக் கீழ்’ என்பதே சரி.

வி.ஆர்.பி.எல்.-இல் 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட, ஊதா கலந்த சிவப்புக் காலனிகள் கோலிஃபார்ம். உருவம் சந்தேகமாக இருந்தால் ஐந்து காலனிகளைப் பிரில்லியண்ட் கிரீன் வளர்ப்புத் திரவத்தில் போட்டு வாயு வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். டி.பி.எக்ஸ்.-இல் நீலக் காலனி ஈ.கோலை. ஓ157 என்ற நோய் தரும் ஈ.கோலை வகை பெரும்பாலும் இதில் நீலமாக வராது, 44 °செ-இல் சரியாக வளர்வதுமில்லை. நீலம் இல்லை என்பதால் ஓ157 இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

11. எண்ணை வாசித்தல்

வரம்புகள் பெரும்பாலும் நான்கு எழுத்துகளில் வரும்: என் (n) என்பது மாதிரிகளின் எண்ணிக்கை, சிறிய எம் (m) ஏற்கத்தக்க அளவு, பெரிய எம் (M) தாண்டவே கூடாத அளவு, சி (c) என்பது இரண்டு எம்-களுக்கும் நடுவே எத்தனை மாதிரி இருக்கலாம் என்பது. ஓர் உதாரணம்: என் 5, சி 2, சிறிய எம் 10,000, பெரிய எம் 1,00,000. விடைகள் 4,000, 12,000, 8,000, 60,000, 9,000 என்றால் நடுவே இரண்டு மட்டுமே, தேறியது. அந்த 60,000-க்குப் பதில் 1,30,000 வந்திருந்தால் தேறவில்லை. சராசரி போட்டுப் பார்ப்பவர்களுக்கு 32,600 என்று வந்து எல்லாம் நலமாகத் தெரியும். சராசரி போடாதீர்கள்.

சிறிய எண் என்றால் பாதுகாப்பு என்று எழுதுவதும் தவறு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒருமுறை பெருகி நச்சைச் சுரந்துவிட்டால், மறுபடி சூடாக்கும்போது செல்கள் இறக்கும், நச்சு நிற்கும். தட்டு சுத்தமாக இருக்கும், சாப்பிட்டவர் வாந்தி எடுப்பார். அப்படிப்பட்ட புகாரோடு வந்த மாதிரிக்கு எண்ணிக்கை போதாது, நச்சுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். லிஸ்டீரியாவோ குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் பெருகும். வாங்கிய நாளின் விடை, காலாவதி நாளுக்கு உத்தரவாதமல்ல.

12. தட்டுகள் சொல்லும் குறைகள்

10⁻³-இலும் 10⁻⁴-இலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை: பிப்பெட் முனையை மாற்றவில்லை, அல்லது அகாரில் கலப்பு. வெறும் அகார் தட்டைப் பாருங்கள்.

இரட்டைத் தட்டுகளில் ஒன்று 40, மற்றது 180: குழாயைக் கலக்காமல் எடுத்திருக்கிறீர்கள், அல்லது உணவு கட்டிகளாக இருந்தது. மாதிரி மீதமிருந்தால் மறுபடி செய்யுங்கள்.

காலனிகள் தட்டின் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் அசைத்தது போதவில்லை. அகாரில் கட்டிகள் தெரிந்தால் ஊற்றும்போதே ஆறிவிட்டது.

எல்லா மாதிரிகளிலும் ஒரே வடிவக் காலனி என்றால் உணவைச் சந்தேகிக்கும் முன் காற்றுத் தட்டையும் கரைசல் தட்டையும் எடுத்துப் பாருங்கள்.

அறிக்கை சரிபார்க்கப்படும்வரை தட்டுகளைக் குளிரில் வையுங்கள். பிறகு அவற்றை ஆட்டோகிளேவ் பையில் தளர்வாகக் கட்டி, 121 °செ-இல் குறைந்தது 30 நிமிடம் வைத்த பின்பே குப்பைக்கு அனுப்புங்கள். இறுக்கிக் கட்டினால் நீராவி உள்ளே புகாது. வெளித்தட்டுகள் உருகியிருக்க, நடுவில் உள்ளவை அப்படியே உயிரோடு இருக்கும்.